தண்ணீர் வற்றும்போது பாலைநிலச் செடிக்குள் என்ன நடக்கிறது?

"முள், தடித்த தோல், ஆழமான வேர் ஆகியவற்றால் பாலைவனச் செடிகள் பிழைக்கின்றன என்று பள்ளியில் படித்தோம். வறட்சி வரும்போது அவற்றின் உடலுக்குள் வேதியியல் அளவில் நடப்பது என்ன? நம் நெற்பயிரிடம் இல்லாத ஏதேனும் பொருள் அவற்றிடம் இருக்கிறதா?" என்பது கேள்வி.

பின்பாதிக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். பலரும் தவறாக எண்ணிக்கொண்டிருப்பது அதைத்தான். ஒருசில விதிவிலக்குகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், பாலைநிலச் செடி வறட்சியில் தயாரிக்கும் பொருள்களில் பெரும்பாலானவை நெல்லிலும் கத்தரியிலும் அவரையிலும் கூட உண்டு. எப்போது தயாரிக்கிறது, எவ்வளவு தயாரிக்கிறது, செல்லின் எந்த அறையில் வைக்கிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. நீர் வற்றத் தொடங்கிய பிறகு பயிர் அவசரமாகச் செய்ய முற்படும் வேலையை, பாலைநிலச் செடி பல வேளைகளில் முன்கூட்டியே பாதி முடித்து வைத்திருக்கிறது.

இன்னொன்றையும் தெளிவுபடுத்த வேண்டும். பாலைவனத்தில் வளர்வதாலேயே ஒரு செடி வறட்சியைத் தாங்குகிறது என்று ஆகிவிடாது. தார்ப் பாலைவனத்தில் கேஜ்ரி என்று அழைக்கப்படும் மரம் நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னியேதான். சுற்றிலும் மணல் கொதிக்கும் கோடையில் அது புதுத் தளிர் விடுவதைக் கண்டு வியப்பவர்கள் உண்டு. அதன் வேர் மிக ஆழத்தில் ஈரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஆகவே மேலே உள்ள வறட்சி அதன் இலைக்கு முழுதாகத் தெரிவதில்லை. மழைக்குப் பின் முளைத்துச் சில வாரங்களில் பூத்து விதைத்து மடியும் சிறு செடிகளோ வறட்சியைச் சந்திப்பதே இல்லை. விதை உறையில் உள்ள முளைப்புத் தடைப்பொருள்கள் கரைந்து போகும் அளவுக்கு மழை பெய்தால்தான் அவற்றில் பல முளைக்கும். இனி நான் சொல்லப்போவது பெரும்பாலும் மூன்றாம் வகையைப் பற்றியது: இலை வேர் எல்லாவற்றோடும் நின்ற இடத்திலேயே நின்று, உடலில் உண்மையாகவே நீர் குறைவதை எதிர்கொள்ளும் செடிகள்.

மண் காயக் காய, எஞ்சிய நீர் மண் துகள்களோடு இறுக ஒட்டிக்கொள்கிறது. அதைப் பிரித்தெடுக்கச் செடி அதைவிட வலுவாக இழுக்க வேண்டும். பெரும்பாலான பயிர்கள் சுமார் 1.5 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை இழுக்கும். அதற்கு மேல் நிரந்தரமாக வாடிவிடும். வட அமெரிக்காவின் மொஹாவே, சொனோரா, சிவாவா பாலைவனங்களில் பரந்து கிடக்கும் கிரியோசோட் புதரோ 5 மெகாபாஸ்கலைத் தாண்டியும் இலையை உயிரோடு வைத்திருக்கிறது. கார்ச் சக்கரத்தில் அடைக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல இருபது மடங்குக்கும் மேலான இழுவிசை அது. இவ்வளவு இழுவிசைக்குள் செல்லின் சவ்வும் புரதங்களும் சிதையாமல் இருப்பது எப்படி என்பதுதான் வறட்சி வேதியியலின் மையக் கேள்வி.

முதலில், நீர் குறைகிறது என்ற செய்தி இலைக்குத் தெரிய வேண்டும். இதில் முதன்மையான தூதுப்பொருள் அப்சிசிக் அமிலம். 1960-களில் பருத்திக் காய் உதிர்வதையும் மரமொட்டுகளின் உறக்கத்தையும் ஆராய்ந்த இரு வேறு குழுக்கள் தனித்தனியே கண்டெடுத்த பொருள் ஒன்றே என்று தெரிந்து, 1967-இல் இந்தப் பெயர் நிலைபெற்றது. 'உதிர்வு' என்ற பொருள்படும் இப்பெயர் அவ்வளவாகப் பொருந்தவில்லை. இலையுதிர்வில் எத்திலீன் என்ற வேறொரு தூதுப்பொருளின் பங்கே பெரிது. வறட்சியில் இலையிலுள்ள அப்சிசிக் அமிலம் நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்குள் ஐம்பது மடங்கு வரை உயரக்கூடும். கேரட்டுக்கு நிறம் தரும் கரோட்டினாய்டு குடும்பத்து நிறமிகளை வெட்டித்தான் செடி இதைத் தயாரிக்கிறது. நாற்பது கார்பன் கொண்ட நிறமியை ஒரு நொதி துண்டிக்க, பதினைந்து கார்பன் கொண்ட துண்டு கிடைக்கிறது. மேலும் இரண்டு படிகளில் அது அப்சிசிக் அமிலம் ஆகிவிடுகிறது. வறட்சியில் முடுக்கிவிடப்படுவது அந்த வெட்டும் நொதிதான்.

இந்த அமிலம் வேரில் உருவாகி இலைக்கு ஏறுகிறது என்றே நெடுங்காலம் சொல்லிக்கொடுத்தோம். இலையின் நரம்புகளிலேயே பெரும்பகுதி உருவாகிறது என்று இப்போது தெரிகிறது. 2018-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், ஒரு சில அமினோ அமிலங்களே கொண்ட சிறு பெப்டைடு ஒன்று வேரிலிருந்து ஏறி, இலையில் அப்சிசிக் அமிலத் தயாரிப்பைத் தூண்டுவதைக் காட்டினார்கள். அந்த ஆய்வு அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் சிறு செடியில் நடந்தது. மூலக்கூறு அளவில் நாம் உறுதியாகச் சொல்லும் பெரும்பாலானவை இந்த ஆய்வகச் செடியிலிருந்து வந்தவை என்பதைப் படிப்பவர் மறந்துவிடக் கூடாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு, எளிய அமில-கார வேதியியல்தான். அப்சிசிக் அமிலம் வலுக்குறைந்த அமிலம். அமிலத்தன்மை மிகுந்த சூழலில் அதன் மூலக்கூறு மின்னூட்டமற்று இருக்கும். அந்நிலையில் சவ்வுகளைக் கடந்து வழியிலுள்ள இலைச்செல்களுக்குள் எளிதாகப் புகுந்துவிடும். நன்கு நீர் பெற்ற செடியில், வேரிலிருந்து நீரை மேலேற்றும் சைலக் குழாய்களில் ஓடும் சாற்றின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் மிகுதி) சுமார் 6.3, ஆகவே சாற்றோடு வரும் அமிலத்தின் ஒரு பகுதியை இடையிலுள்ள செல்கள் உறிஞ்சிவிடுகின்றன. வறட்சியில் சாற்றின் பி.எச். ஏறத்தாழ 7.2 ஆக உயர்கிறது. மின்னூட்டமுள்ள வடிவத்தின் விகிதம் கூட, அது சவ்வைக் கடக்க முடியாமல் சாற்றிலேயே தங்கி இலைத்துளைகளைத் திறந்து மூடும் காப்புச் செல்கள் வரை போய்ச் சேர்கிறது. அதாவது தூதுப்பொருள் பெருகுவதற்கு முன்பே, இருப்பது சரியான முகவரிக்குப் போய்ச் சேரும்படி வழி மாறிவிடுகிறது.

காப்புச் செல்லில் நடப்பது 2009-இல்தான் முழுமையாகப் புரிந்தது. அப்சிசிக் அமிலம் தன் ஏற்பிப் புரதத்தில் பொருந்தியதும், அந்த இணை ஒரு பாஸ்பேட்டேஸ் நொதியைப் பிடித்து முடக்குகிறது. அந்த நொதி இயல்பு நாள்களில் ஒரு கைனேஸ் நொதியை அடக்கி வைத்திருப்பது. காவல் விலகியதும் கைனேஸ் விழித்துக்கொண்டு, எதிர்மின்னூட்டமுள்ள அயனிகள் வெளியேறும் வாயில்களைத் திறக்கிறது. குளோரைடும் மாலேட்டும் வெளியேற, பொட்டாசியம் பின்தொடர, நீரும் அவற்றோடு போய்விடுகிறது. விறைப்பிழந்த இரு காப்புச் செல்களும் தளர்ந்து ஒட்டிக்கொள்ள, துளை மூடுகிறது.

ஆனால் துளையை மூடினால் நீர் மிஞ்சும், கார்பன் டைஆக்சைடு நின்றுவிடும். பட்டினிக்கும் தாகத்துக்கும் இடையே செய்துகொள்ள வேண்டிய இந்தப் பேரத்துக்குக் கள்ளிகளும் கற்றாழைகளும் கண்ட தீர்வு, இரவில் துளையைத் திறப்பது. இதன் வரலாற்றில் நம் நாட்டுக்கு ஓர் இடம் உண்டு. மொராவிய சபையின் மதப்பணியாளராகத் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகப் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன், நாம் ரணகள்ளி என்று அழைக்கும் செடியின் இலை காலையில் கடும்புளிப்பாகவும், நண்பகலில் சுவையற்றும், மாலையில் சற்றே கசப்பாகவும் இருப்பதை 1813-இல் எழுதிய கடிதத்தில் குறித்தார். லண்டன் லின்னேயன் கழகம் அதை 1815-இல் வெளியிட்டது. இரவில் உள்ளே வரும் கார்பன் டைஆக்சைடு மாலிக் அமிலமாகி, செல்லின் சேமிப்பு அறையான வாக்குவோலில் விடியும்வரை தேங்குகிறது. அந்தப் புளிப்பைத்தான் அவர் சுவைத்தார். பகலில் துளைகள் மூடியிருக்க, அமிலம் உடைந்து, வெளியான கார்பன் டைஆக்சைடு உள்ளேயே ஒளிச்சேர்க்கைக்குப் போகிறது. இதை வீட்டிலேயே காணலாம். ரணகள்ளியில் நச்சுப் பொருள்கள் உண்டு என்பதால் சுவைக்க வேண்டாம். சூரிய உதயத்திலும் மாலை ஐந்து மணிக்கும் ஓர் இலையைக் கசக்கிச் சாற்றைப் பி.எச். தாளில் தொட்டுப் பார்த்தால் போதும், நிற வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

இம்முறையின் பயன் எண்களில் தெரிகிறது. ஒரு கிராம் கார்பன் டைஆக்சைடை ஈட்ட நெல் போன்ற செடிகள் 400 முதல் 500 கிராம் நீரையும், சோளம் போன்றவை 250 முதல் 300 கிராம் நீரையும் இழக்கின்றன. கள்ளி வகைகள் இழப்பதோ 50 முதல் 100 கிராம்தான். வறட்சி மேலும் முற்றினால் சப்பாத்திக்கள்ளி இரவிலும் துளையைத் திறப்பதில்லை. தன் சுவாசத்தில் வெளிவரும் கார்பன் டைஆக்சைடையே மீண்டும் மீண்டும் அமிலமாக்கி உடைத்துக்கொண்டிருக்கும். அந்நாள்களில் வளர்ச்சி இல்லை. ஆனால் ஒளிச்சேர்க்கைக் கருவிகள் சும்மா இருந்து கெட்டுப்போகாமல் இயங்கிக்கொண்டே இருக்கின்றன.

கருவிகள் கெட்டுப்போவது என்று ஏன் சொல்கிறேன் என்றால், பாலைநிலச் செடிக்குத் தாகத்தைவிடப் பெரிய ஆபத்து பல வேளைகளில் வெளிச்சம்தான். துளை மூடிய இலையின் மேல் வெயில் குறையாமல் விழுகிறது. பச்சையம் ஒளியைப் பிடிக்கிறது. பிடித்த ஆற்றலைச் செலவிடக் கார்பன் டைஆக்சைடு இல்லை. போக்கிடமற்ற எலக்ட்ரான்கள் ஆக்சிஜனிடம் தாவி, சூப்பராக்சைடையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் உண்டாக்குகின்றன. அவை சவ்வுக் கொழுப்பையும் புரதங்களையும் தாக்குகின்றன. இதற்கு எதிரான முதல் தடுப்பு, வயலாசாந்தின் என்ற மஞ்சள் நிறமியைச் சில நிமிடங்களுக்குள் சியாசாந்தினாக மாற்றுவது. சியாசாந்தின் மிகுந்த இலை, மிகையான ஒளியாற்றலை வெப்பமாக உதறிவிடுகிறது. அப்சிசிக் அமிலத்தின் மூலப்பொருளும் இதே நிறமிக் குடும்பம்தான் என்பதைக் கவனியுங்கள். எச்சரிக்கைக் குரலும் வெயில் குடையும் ஒரே சரக்கிலிருந்து வருகின்றன. அதையும் மீறி உருவாகும் நச்சு ஆக்சிஜனை அஸ்கார்பேட், குளூட்டாதயோன், அவற்றோடு இணைந்த நொதிகள் ஆகியவை தணிக்கின்றன.

கிரியோசோட் புதர் இதற்கு மேலும் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. அதன் இளந்தளிர்கள் பிசினால் மெருகு பூசியதுபோல் மின்னும். தொட்டால் விரலில் ஒட்டும். அந்தப் பிசினில் பினால் வகைப் பொருள்கள் நிறைந்துள்ளன. அவற்றுள் நார்டைஹைட்ரோகுவாயரெடிக் அமிலம் என்பது ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பதில் எவ்வளவு வல்லது என்றால், எண்ணெயும் கொழுப்பும் சிக்கடிக்காமல் இருக்க அமெரிக்காவில் ஒரு காலத்தில் உணவிலேயே சேர்த்தார்கள்; சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று தெரிந்த பின் கைவிட்டார்கள். இப்பிசின் புற ஊதாக் கதிரை விழுங்கும், மேய வரும் விலங்கையும் விரட்டும். வறட்சி வந்தபின் சுரப்பதல்ல இது. இலை பிறக்கும்போதே உடுத்திக்கொண்டு வருவது. வறட்சி கடுமையாகும்போது முதிர்ந்த இலைகளை உதிர்த்துவிட்டு, பிசின் மிகுந்த இளந்தளிர்களையே இப்புதர் காப்பாற்றுகிறது. மொஹாவேயில் ஒரே விதையிலிருந்து வட்டமாகப் படர்ந்த ஒரு கிரியோசோட் கூட்டத்தின் வயது சுமார் 11,700 ஆண்டுகள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

அடுத்து, செல்லுக்குள் நீரைப் பிடித்து வைக்கும் கரைபொருள்கள். செல்லில் கரைந்துள்ள பொருள் மிகுந்தால் நீர் எளிதில் வெளியேறாது. உப்பைக் கொண்டும் இதைச் செய்யலாம். ஆனால் உப்பு மிகுந்தால் நொதிகள் செயலிழக்கும். எவ்வளவு சேர்ந்தாலும் நொதிகளைத் தொந்தரவு செய்யாத கரிமப் பொருள்களைச் செடிகள் அதற்காகவே தயாரிக்கின்றன. அதிகம் பேசப்படுவது புரோலின் என்ற அமினோ அமிலம். வாடும் புல்லில் அது குவிவதை 1954-இலேயே கண்டிருக்கிறார்கள். மாணவர்களுக்கு இதைச் செய்து காட்டும்போது நான் ஒரு மாற்றமும் இல்லாமல் 1973-ஆம் ஆண்டின் பழைய முறையையே பின்பற்றுகிறேன்: நீர் விட்ட செடியின் இலையையும், ஒரு வாரம் வாட விட்ட செடியின் இலையையும் சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தில் தனித்தனியே அரைத்து வடிகட்டி, நின்ஹைட்ரினும் அசிட்டிக் அமிலமும் சேர்த்து ஒரு மணி நேரம் கொதிநீரில் வைத்து, பனிக்கட்டியில் ஆற்றி, டொலுவீன் ஊற்றிக் குலுக்க வேண்டும். குலுக்கிய குழாயை நிறுத்தி வைத்தால் டொலுவீன் மேலே பிரிந்து நிற்கும். நீர் பெற்ற இலையின் குழாயில் அது வெளிறிய இளஞ்சிவப்பு. வாடிய இலையின் குழாயில் செக்கச் சிவந்திருக்கும்.

அந்தச் சிவப்பைக் கண்டு, புரோலின் மிகுந்த செடியே வறட்சியைத் தாங்கும் செடி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது சரியல்ல என்பது என் கருத்து. வறட்சிக்கு எளிதில் பணிந்துவிடும் பயிர் வகைகளிலும் புரோலின் குவிகிறது. அங்கே அது கவசம் என்பதைவிடக் காயத்தின் அடையாளம். எப்போது சேர்ந்தது என்பதே முக்கியம். அராபிடாப்சிஸின் உறவுச் செடியான, உப்பு நிலத்தில் வளரும் யூட்ரிமாவில், எந்த நெருக்கடியும் இல்லாத நாளிலேயே புரோலின் மிகுந்திருக்கிறது. முன்னேற்பாடு என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இது நல்ல சான்று. ராஜஸ்தானின் வறண்ட நிலத்தில் விளையும் மோட் பயறிலிருந்து புரோலின் தயாரிக்கும் நொதியின் மரபணுவை எடுத்துப் புகையிலையில் சேர்த்தபோது, புரோலின் பத்து மடங்குக்கு மேல் உயர்ந்ததை 1995-இல் வெளியான ஆய்வு காட்டியது.

நெல்லில் இல்லாத பொருள் எது என்ற கேள்விக்கு நேரான விடை கிளைசின் பீட்டைன். பீட்ரூட்டின் பெயரால் அழைக்கப்படும் இது, அக்குடும்பத்தைச் சேர்ந்த பாலைநிலப் புதர்களில் ஏராளம். கோலினை இரண்டு படிகளில் ஆக்சிஜனேற்றம் செய்து இதைத் தயாரிக்கின்றன. நெல்லிடமும் இதற்கான மரபணுக்கள் உண்டு. ஆனால் அவற்றிலிருந்து படியெடுக்கப்படும் செய்தி சரியாகத் தொகுக்கப்படாமல் பழுதாகிவிடுவதால் பொருள் சேர்வதில்லை. இரண்டாம் படிக்குரிய நொதிக் குடும்பத்தில் ஒன்று முற்றிலும் பழுதாகும்போதுதான் பாசுமதியின் மணம் பிறக்கிறது என்பதையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தார்ப் பாலைவனத்தில் லானா என்றும், நடு ஆசியாவில் சக்ஸௌல் என்றும் வழங்கும் ஹலாக்சிலான் இனச் செடிகள் இக்குடும்பத்தவை. அவற்றின் உத்தி சிக்கனமானது. கரிமப் பொருள் தயாரிக்கக் கார்பனும் நைட்ரஜனும் செலவாகும். மண்ணில் கிடக்கும் சோடியமோ மலிவு. செல்லின் பெரும்பகுதியை அடைத்திருக்கும் வாக்குவோலுக்குள் சோடியத்தைத் தள்ளிப் பூட்டிவிட்டு, நொதிகள் இயங்கும் குறுகிய சைட்டோபிளாசத்தில் மட்டும் விலையுயர்ந்த பீட்டைனை வைத்துச் சமன் செய்கின்றன. உள்ளே இருக்கும் சோடியத்துக்கு இணையாக ஆக்சாலிக் அமிலம் போன்ற கரிம அமிலங்கள் நிற்கின்றன. இச்செடிகளை வெட்டி உலர்த்தி எரித்தால் அந்த அமிலங்கள் கருகிப் போய், சாம்பலில் சோடியம் கார்பனேட் எஞ்சுகிறது. சஜ்ஜி என்ற பெயரில் வடமேற்கு இந்தியாவில் சலவைக்கும் அப்பளம் இடுவதற்கும் பயன்பட்டது அந்தச் சாம்பல்தான். நம் அப்பளக்காரத்துக்கு ஆலைச் சோடா வருவதற்கு முன், அந்த வேலையைச் செய்தது பாலைநிலச் செடி தன் தாகத்துக்காகச் சேர்த்து வைத்த உப்பு.

மேற்பூச்சு மெழுகைப் பற்றி ஓரிரு சொற்கள் போதும். நீளமான கார்பன் சங்கிலிகளால் ஆன இம்மெழுகு, துளை மூடிய பின்னும் தோல் வழியே கசியும் நீரைத் தடுக்கிறது. வறட்சியில் பல செடிகள் இதைத் தடிமனாக்குகின்றன. சிவாவா பாலைவனத்தின் கேண்டெலில்லா என்ற கள்ளியின் தண்டிலிருந்து எடுக்கும் மெழுகு இன்றும் வணிகப் பொருளாக விற்கிறது.

இத்தனைக்கும் பிறகும் நீர் போய்விட்டால்? பெரும்பாலான செடிகள் இறந்துவிடும். உயிர்த்தெழும் செடிகள் எனப்படும் சில நூறு இனங்கள் மட்டும் இலை நொறுங்கும் அளவுக்குக் காய்ந்தும் உயிரைப் பிடித்துக்கொள்கின்றன. நீர் நிறைந்த செல்லில் சவ்வுகளும் புரதங்களும் ஒன்றோடொன்று ஒட்டாமல் விலகி நிற்பதற்குக் காரணமே இடையிலுள்ள நீர். அது போனதும் எல்லாம் நெருங்கிக் கட்டியாகிவிடும். ஆகவே அந்த இடத்தை நிரப்பச் சர்க்கரைகள் வேண்டும். கிராட்டரோஸ்டிக்மா என்ற செடியின் ஈர இலையில் எட்டு கார்பன் கொண்ட ஆக்டுலோஸ் என்ற அரிய சர்க்கரை பெரும்பங்கு வகிக்கிறது. காயத் தொடங்கியதும் அது குறைய, சுக்ரோஸ் பெருகுகிறது. மிக அடர்ந்த சுக்ரோஸ் படிகமாகாமல் கண்ணாடிபோல் உறைந்து, செல்லின் உள்ளுறுப்புகளை இருந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறது. இதனோடு விதை முதிரும்போது உருவாகும் ஒருவகை நீர்விரும்பிப் புரதங்களும் சேர்கின்றன. பருத்தி விதையில் 1980-களில் அடையாளம் கண்ட இப்புரதங்கள் எல்லா விதைகளிலும் உண்டு. நெல் தன் விதையில் மட்டும் செய்வதை இச்செடிகள் இலையிலும் செய்கின்றன. தெற்கு ஆப்பிரிக்காவின் மைரோதாம்னஸ் என்ற புதர் காய்ந்து விசிறிபோல் மடியும்போது, அதன் இலையில் காலிக் அமிலம் பிணைந்த குவினிக் அமிலம் பெருமளவில் நிறைந்திருந்து சவ்வுகளைக் காக்கிறது. ஜெரோஃபைட்டா என்ற மற்றோர் உயிர்த்தெழும் செடியோ இன்னும் ஒரு படி மேலே போய், பச்சையத்தையே கலைத்துவிடுகிறது. பிடிக்க ஆளில்லாத ஒளியால் தீங்கும் இல்லை.

மழை பெய்ததும் இவை எல்லாம் பின்னோக்கி நடக்கின்றன. அப்சிசிக் அமிலத்தை ஒரு நொதி ஃபேசிக் அமிலமாக மாற்றி அதன் வலுவைக் குறைக்கிறது; காப்புச் செல்களுக்குள் பொட்டாசியமும் நீரும் திரும்புகின்றன. சேர்த்து வைத்த புரோலின் மைட்டோகாண்ட்ரியாவில் எரிக்கப்பட்டு, புதுத் திசு வளர ஆற்றலும் நைட்ரஜனும் தருகிறது. சப்பாத்திக்கள்ளியும் நீலக்கற்றாழையும் ஈரம் பட்டவுடனே மெல்லிய மழைவேர்களை விடத் தொடங்குகின்றன. ஜெரோஃபைட்டா கலைத்துப் போட்ட பச்சையத்தை மீண்டும் கட்டச் சில நாள் எடுத்துக்கொள்கிறது. பச்சையத்தைக் கலைக்காமல் வைத்திருந்த கிராட்டரோஸ்டிக்மா அதற்குள் ஒளிச்சேர்க்கையைத் தொடங்கிவிட்டிருக்கும்.